சமதானி (ஐசோடோப்) ரிசர்ச்சுக்கு அரசாங்கக் காசு கேட்டு எழுதுறது எப்படி: மலையகத்துப் பிள்ளைகளுக்கு

எங்க பெரியம்மாவுக்கு எலும்பு ஸ்கேன் எடுக்க திகதி குடுத்திருந்தாங்க. தலவாக்கலையில இருந்து விடியக்காலம் மொத பஸ்ஸ புடிச்சு ரெண்டு பஸ் மாறி போய் சேந்தா, இந்த கிழமை மருந்து வரல, அடுத்த கிழமை வாங்கன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. ஒரு நாள் பேரு (தோட்டத்துல அன்னைய நாள் சம்பளம்) போச்சு, பஸ் காசு போச்சு, அதவிட அந்த மனுஷி பயந்துகிட்டே இன்னும் ஏழு நாள் இருந்திச்சு. அந்த ஹொஸ்பிட்டல் ஆளுங்க மேல தப்பில்ல. அந்த மருந்துல இருக்கிறது டெக்னீசியம்-99எம், அதோட அரைவாழ்வுக் காலம், அதாவது பாதியா தேயுற நேரம், வெறும் 6 மணித்தியாலம், அத சேமிச்சு வைக்கவே முடியாது. அது எதுல இருந்து பொறக்குதோ அந்த தாய், மொலிப்டினம்-99, அதுக்கு 66 மணித்தியாலம், அது ஜெனரேட்டர்னு சொல்ற ஒரு சின்னப் பெட்டிக்குள்ள வெளிநாட்டுல இருந்து ப்ளேன்ல வரணும், நம்ம நாட்டுல அத செய்யுற அணு ரியாக்டர் கிடையாது. வர்றதுக்கு மூணு நாள் ஆனா பாதிக்கு மேல வழியிலயே தேஞ்சு போயிடும்.

ஏ.எல் கெமிஸ்ட்ரில சமதானின்னு, அதாவது ஒரே மூலகத்துல எடை மட்டும் வேறயான அணுக்கள்னு (பேருக்கு பின்னாடி வர்ற 99 மாதிரி நம்பர்தான் அந்த எடை), ரெண்டு மார்க் கேள்விக்கு படிச்சோமே, அது ஒரு ஆளோட உடம்புல என்ன நடக்குதுன்னு காட்டுற சாமான்னு எனக்கு அன்னைக்குத்தான் உறைச்சது.

இந்த சமதானிகள செய்யுறதுக்கும் சுத்தப்படுத்துறதுக்கும் ஏன் அரசாங்கங்கள் காசு குடுக்குதுன்னு கேட்டா 2009ஆம் வருஷத்த பாருங்க. கனடாவுல என்.ஆர்.யூ.ன்னு ஒரு பழைய ரியாக்டர் கசிவு வந்து மே மாசம் நின்னுச்சு, அடுத்த வருஷம் ஆகஸ்ட் வரைக்கும் ஓடல, இடையில நெதர்லாந்து பெட்டன் ரியாக்டரும் ரிப்பேருக்கு நிறுத்தினாங்க, இந்த ரெண்டும் சேந்துதான் உலகத்துக்கு தேவையான மொலிப்டினத்துல பாதிக்கு மேல குடுத்துக்கிட்டு இருந்திச்சு. உலகம் பூரா ஸ்கேன் தள்ளிப் போச்சு. அதே 2009லதான் அமெரிக்க எரிசக்தித் திணைக்களம் தன்னோட ஐசோடோப் ப்ரோக்ராம, ஆராய்ச்சிக்கு காசு குடுக்கிற பிரிவான ஒஃபிஸ் ஒஃப் சயன்ஸ் கீழ கொண்டு போச்சு.

நான் இது வரைக்கும் ரெண்டு ப்ரொபோசல் எழுதுற வேலைல இருந்திருக்கேன், ஒண்ணு கெடைக்கல, மத்தது கெடைச்சிச்சு. கெமிஸ்ட்ரியோ பிசிக்ஸோ முடிச்சிட்டு ரிசர்ச் பக்கம் போகணும்னு நெனைக்கிற தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இதெல்லாம் சொல்லித்தர வீட்டுல யாரும் இருக்க மாட்டாங்க, எனக்கும் இருக்கல, அதனாலதான் எழுதுறேன்.

மொதல்ல ஒண்ண மனசுல போட்டுக்கங்க. சமதானி வேலைல மூணு பங்கு இருக்கு. செய்யுறது, பிரிக்கிறது, சுத்தமா இருக்குன்னு நிரூபிக்கிறது. செய்யுறதுக்கு ரியாக்டரோ, அணுத் துகள வேகமா சுத்த விட்டு அடிக்கிற சைக்ளோட்ரோனோ வேணும், அந்தப் பங்க பிடிச்சுத் தொங்கினா நம்ம ப்ரொபோசல் மொத பக்கத்துலயே முடிஞ்சிடும். மத்த ரெண்டு பங்கும் கெமிஸ்ட்ரி. ஒரு நல்ல கண்ணாடிக் கொலம், ரெசின், அசிட், அளக்கிறதுக்கு ஒரு மெஷின், பொறுமையான ஒரு ஆள் இருந்தா பேராதனை கெம்பஸ்ல ஒரு லெப்புலயே செய்யக்கூடிய வேலை நெறைய இருக்கு. பேக்டரில வேலை செஞ்ச அப்பா அம்மா இருந்தா அவங்ககிட்ட கேளுங்க, தேத்தூளோட வெலைய தீர்மானிக்கிறது கொழுந்து மட்டுமா? சல்லடையும் நாரு எடுக்கிறதும் கலர் சோர்ட்டரும்தான் கிரேட்ட ஏத்துது. இங்கயும் அப்படித்தான், என்ன, இங்க நாருக்கும் தூளுக்கும் ஆவர்த்தன அட்டவணைல ஒரு கட்டம்தான் வித்தியாசம்.

அடுத்தது கேள்விய தெரிவு செய்யுறது. இதுலதான் நான் அதிகமா தப்பு பண்ணினேன், அதனால கொஞ்சம் நீட்டி சொல்றேன். "இலங்கையில மருத்துவ சமதானி உற்பத்திய மேம்படுத்தல்"னு தலைப்பு போட்டு எழுதினா அது கேள்வியே இல்ல, ஆசை. லுட்டீசியம்-177 எடுத்துக்கங்க. 2018ல அமெரிக்காவுல மருந்துக்கு அனுமதி குடுக்கிற எஃப்.டி.ஏ. ஒரு வகை நியூரோஎன்டொக்ரைன் கட்டிக்கு இத வெச்சு செஞ்ச மருந்த அனுமதிச்சிச்சு, 2022ல ப்ரொஸ்டேட் கேன்சருக்கு இன்னொண்ணு. அரைவாழ்வு 6.65 நாள். இத ரெண்டு வழியில செய்யலாம். ஒரு வழி, லுட்டீசியம்-176ஐ ரியாக்டருக்குள்ள வெச்சு நியூட்ரோன் ஏத்துறது. லேசான வழி, ஆனா மாறாம மிஞ்சுற லுட்டீசியமும் கூடவே கெடக்கும், ரெண்டும் ஒரே மூலகம், எந்த அசிட்ட ஊத்தினாலும் பிரியாது. அதோட லுட்டீசியம்-177எம்னு ஒரு அழுக்கும் கொஞ்சம் வரும், அதுக்கு அரைவாழ்வு 160 நாள், அப்ப ஹொஸ்பிட்டல் கழிவ வருஷக்கணக்கா பூட்டி வெக்கணும். மத்த வழி, யிட்டர்பியம்-176ல இருந்து போறது. அது நியூட்ரோன வாங்கி யிட்டர்பியம்-177 ஆகி, ரெண்டு மணித்தியாலத்துக்குள்ள பாதி பாதியா லுட்டீசியம்-177 ஆகிடும். இப்ப இது வேற மூலகம், பிரிக்கலாம். ஆனா ரெண்டும் லாந்தனைட் வரிசையில பக்கத்து பக்கத்து வீடு, அயன் சைஸ் கிட்டத்தட்ட ஒண்ணு, அதோட யிட்டர்பியம் மலை மாதிரி இருக்கும், லுட்டீசியம் அதுல ஆயிரத்துல ஒரு பங்கு கூட இருக்காது.

இப்ப கேள்வி எங்க இருக்குன்னு பாருங்க. இந்தப் பிரிப்ப படிக்கிறதுக்கு கதிரியக்கமே தேவையில்ல! கடையில வாங்குற சாதாரண யிட்டர்பியத்தயும் சாதாரண லுட்டீசியத்தயும் ஆயிரத்துக்கு ஒண்ணுன்னு கலந்து, லாந்தனைட்டுகள பிரிக்கிறதுக்கு உள்ள எல்.என். ரெசின் நிரப்பின கொலத்துல ஏத்தி, நைட்ரிக் அசிட்டோட செறிவ மாத்தி மாத்தி, எந்த மூலகம் எவ்வளவுன்னு காட்டுற ஐ.சி.பி. மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர்ல அளந்தா போதும். இதுக்கு கோல்ட் எக்ஸ்பெரிமென்ட்னு சொல்லுவாங்க. கெமிஸ்ட்ரிக்கு அணு எடை ஒண்ணு ரெண்டு கூடினா கொறைஞ்சா தெரியாது, அதனால கோல்டுல கெடைக்கிற ரிசல்ட் கதிரியக்கத்தோட செய்யுற ஹொட்டுக்கும் பெரும்பாலும் பொருந்தும். "மூணு அசிட் செறிவுல, ரெண்டு வெப்பநிலையில, லுட்டீசியத்துல எத்தன வீதம் மீளக் கெடைக்குது, அதுல யிட்டர்பியம் எவ்வளவு ஒட்டிக்கிட்டு வருது"ன்னு எழுதினா அது கேள்வி. வாசிக்கிறவருக்கு இந்தப் பிள்ள என்ன செய்யப்போகுதுன்னு கண்ணு முன்னாடி தெரியும். எங்களோட ரெண்டாவது ப்ரொபோசல் இந்த மாதிரி ஒண்ணுதான்.

பிரிச்சா எல்லாம் சரியாகிடும்னு மட்டும் எழுதிடாதீங்க. அமெரிக்காவுல லொஸ் அலமோஸ், புரூக்ஹேவன் தேசிய லெப்புகள்ல தோரியத்து மேல ப்ரோட்டோன அடிச்சு அக்டினியம்-225 எடுக்கிறாங்க, 10 நாள் அரைவாழ்வு, கேன்சருக்கு ரொம்ப தேடுற சாமான். அதுல அக்டினியம்-227 கொஞ்சூண்டு சேந்து வருது, அதுக்கு 21.8 வருஷம். ஒரே மூலகம், ரசாயனத்தால பிரிக்க வழியில்ல, அதனாலதான் வேற வழியில செய்யுறதுக்கு அங்க அவ்வளவு காசு போகுது. எது பிரியும் எது பிரியாதுன்னு உங்களுக்கு தெரியும்னு ஒரு வரியில காட்டிட்டா ரிவியூவருக்கு உங்க மேல நம்பிக்கை வந்திடும்.

பின்னணி எழுதுற எடத்துல எல்லாரும் கேன்சர் பெருகுதுன்னு ரெண்டு பக்கம் எழுதுவாங்க. நமக்கு அதவிட நல்ல கதை ஒண்ணு நம்ம மலைகளோட சரிவுலயே இருக்கு. 1903ல இருந்து 1906 வரைக்கும் இலங்கையோட கனிய ஆய்வுக்கு தலைவரா இருந்தவர் ஆனந்த குமாரசுவாமி, பின்னாடி கலை பத்தி எழுதி உலகம் பூரா பேர் எடுத்தாரே அவரேதான். பலாங்கொடை பக்கத்து ஆத்து மணல்ல கெடைச்ச கறுப்புக் கல்லு ஒண்ணு அவரால வெளிய வந்திச்சு, 1904ல அதுக்கு தோரியனைட்னு பேர் வெச்சாங்க. அந்தக் கல்லுல இருந்து எடுத்த உப்ப லண்டன்ல ரசாயன விஞ்ஞானி வில்லியம் ராம்சே ஒரு ஜெர்மன்காரப் பொடியன்கிட்ட குடுத்து ரேடியத்த பிரிச்செடுன்னு சொல்லியிருக்காரு. அந்தப் பொடியன்தான் பின்னாடி அணுப் பிளவுக்கு பேர் போன ஒட்டோ ஹான். பிரிக்கப் போனவர் ரேடியம் இல்லாத வேற ஒண்ணயும் கண்டுபிடிச்சாரு, 1905ல, ரேடியோதோரியம்னு பேர் வெச்சாரு. இன்னைக்கு அது தோரியம்-228. சமதானிங்கிற கருத்துக்கு விஞ்ஞானி ஃப்ரெட்ரிக் சொடி பேர் வெச்சதே 1913லதான், அதுக்கு எட்டு வருஷம் முந்தியே நம்ம நாட்டுக் கல்லுல இருந்து இது நடந்திருக்கு.

இதுல ஒரு நுணுக்கம் இருக்கு. தோரியம்-228உம் தோரியம்-232உம் ஒரே மூலகம், பிரியாது. அப்ப ஹானுக்கு எப்படி தனியா கெடைச்சிச்சு? நடுவுல ரேடியம்-228னு ஒண்ணு இருக்கு, 5.75 வருஷ அரைவாழ்வு. ரேடியத்த பிரிக்கிறப்ப அதுவும் ரேடியத்தோட போயிடுச்சு, போன எடத்துல மெதுவா தோரியம்-228 ஆ வளந்திச்சு. நடுவுல இருந்த அத 1907ல அவரே கண்டுபிடிச்சு மெசோதோரியம்னு சொன்னாரு. தாய பிரிச்சு ஒதுக்கி வெச்சா பிள்ள தானா சுத்தமா வளரும், ஜெனரேட்டர்னு நாம சொல்றதோட அடிப்படையே இதுதான். அந்த தோரியம்-228ல இருந்து வர்ற ஈயம்-212, 10.6 மணித்தியால அரைவாழ்வு, அத வெச்சுதான் இன்னைக்கு கேன்சர் நோயாளிகள்கிட்ட ஆல்பா கதிர் விடுற மருந்து ட்ரையல் நடக்குது. இத அஞ்சாறு வரியில எழுதினா போதும், நீங்க ஏன் இந்த நாட்டுல இருந்து இந்த வேலைய கேக்குறீங்கன்னு தனியா விளக்க வேணாம். ஆனா தோரியத்த கையில எடுக்கப் போறீங்கன்னா அது அணுப் பொருள், லைசன்ஸ் விஷயம் தனி, கீழ சொல்றேன்.

காசு எங்க இருக்கு? உள்நாட்டுல கொழும்பு 7ல இருக்கிற தேசிய விஞ்ஞான மன்றமும், 1999ல தொடங்கின தேசிய ஆராய்ச்சி சபையும்தான் மொதல்ல பாக்க வேண்டியது. பொதுவா பிரதான ஆய்வாளரா ஒரு கெம்பஸ் லெக்சரரோ நிறுவன விஞ்ஞானியோ இருப்பாங்க, இளம் ஆள் ரிசர்ச் அசிஸ்டன்டா உள்ள போய் அதுலயே எம்.ஃபில். முடிக்கிறது வழமை. அதனால "எனக்கு கிராண்ட் வேணும்"னு தேடாதீங்க, "யாரோட கிராண்ட்ல நான் எழுதி உதவலாம்"னு தேடுங்க. கண்டியில ஹந்தானையில தேசிய அடிப்படைக் கற்கைகள் நிறுவகம் இருக்கு, பேராதனையில கெமிஸ்ட்ரி, பிசிக்ஸ், மருத்துவ பீடத்துல அணு மருத்துவப் பிரிவு எல்லாம் ஒரே ஊர்ல. ஹட்டன்ல இருந்து ஒரு நாள் போய் வரலாம். ஈமெயில் போட்டு பதில் வரலன்னு விட்டுடாதீங்க, ஒரு பக்க கருத்த ப்ரின்ட் எடுத்துக்கிட்டு நேர போங்க. நான் அப்படித்தான் எங்க மெடத்த புடிச்சேன்.

வெளிநாட்டுக் காசுல நமக்கு கிட்ட இருக்கிறது வியன்னாவுல இருக்கிற சர்வதேச அணுசக்தி முகவரகம், ஐ.ஏ.ஈ.ஏ. இலங்கை 1957ல இருந்தே அதுல உறுப்பு நாடு. அவங்க கூட்டாய்வுத் திட்டங்கள்னு ஒண்ணு நடத்துறாங்க, ஒரு தலைப்புக்கு பல நாட்டு நிறுவனங்கள சேப்பாங்க, நம்ம மாதிரி நாட்டு நிறுவனங்களுக்கு ரிசர்ச் கொன்ட்ராக்ட் குடுப்பாங்க, வருஷா வருஷம் முன்னேற்ற அறிக்கைய பாத்து நீடிப்பாங்க. தொகை பெருசில்ல, ஆனா மத்த நாட்டு ஆளுங்களோட ஒரே மேசையில ஒக்காந்து பேசுற கூட்டத்துக்கு பிரதான ஆய்வாளர கூப்பிடுவாங்க, அது காசவிட பெருசு. தனி ஆள் இதுக்கு அப்ளை பண்ண முடியாது, நிறுவனத் தலைவர் கையெழுத்து கட்டாயம். பெரிய உபகரணம், பயிற்சின்னா அது தொழில்நுட்ப ஒத்துழைப்புத் திட்டம், இலங்கை அணுசக்தி சபை மூலமாத்தான் போகணும்.

தங்கச்சிமாருக்கு தனியா ஒண்ணு. ஐ.ஏ.ஈ.ஏ. 2020ல மேரி ஸ்கொலடோவ்ஸ்கா கியூரி பெயர்ல ஒரு புலமைப்பரிசில் தொடங்கியிருக்கு, அணு சம்பந்தமான மாஸ்டர்ஸ் படிக்கிற பொம்பளப் பிள்ளைகளுக்கு. படிப்புக் கட்டணத்துக்கு வருஷத்துக்கு 10,000 யூரோ வரைக்கும், இருப்புச் செலவுக்கு இன்னொரு 10,000 வரைக்கும், ரெண்டு வருஷத்துக்கு. ரேடியோகெமிஸ்ட்ரி அதுக்குள்ள வரும். நம்ம பக்கத்துப் பிள்ளைங்க இதுக்கு போடணும், போட்டே ஆகணும்.

அமெரிக்க எரிசக்தித் திணைக்களத்தோட அழைப்புகள் அங்க உள்ள கெம்பஸுக்கும் தேசிய லெப்புகளுக்கும் உரியது. ஆனாலும் அந்த அழைப்ப டவுன்லோட் பண்ணி வாசிங்க, டார்கெட் (துகளால அடிக்கிறதுக்கு வைக்கிற பொருள்) செய்யுறது, பிரிக்கிறது, நிலையான சமதானிகள செறிவாக்குறதுன்னு தலைப்பு தலைப்பா என்ன குறை இருக்குன்னு அவங்களே சொல்லியிருப்பாங்க, ப்ரொபோசல் எழுதுறவங்களுக்கு அது இலவச பாடம். அந்தக் காசுல பி.எச்.டி. மாணவர எடுக்கிற ப்ரொஃபெசர்களோட பேர் அங்கதான் தெரியவரும், அப்படி போறதுதான் நமக்கு உள்ள பாதை.

லைசன்ஸ். 2014ஆம் வருஷத்து 40ஆம் இலக்க அணுசக்திச் சட்டத்தின்படி கதிரியக்கப் பொருள் வெச்சிருக்கிறதுக்கு இலங்கை அணுசக்தி ஒழுங்குபடுத்தல் பேரவையோட அனுமதி வேணும். ப்ரொபோசல் கெடைச்ச பொறகு பாத்துக்கலாம்னு விடக்கூடாது, எந்த லெப்புல ஏற்கனவே லைசன்ஸ் இருக்குன்னு கேட்டு, அதுல நீங்க கேக்குற சமதானியும் அளவும் அடங்குதான்னு பாத்து, ப்ரொபோசல்லயே எழுதிடுங்க.

இப்ப பட்ஜெட். இங்கதான் அரைவாழ்வு உங்க கணக்கப்பிள்ளை. காலையில பிடுங்குன கொழுந்த சாக்குல அமுக்கி அந்தி வரைக்கும் வெச்சா சூடேறி செவந்து போகும், பேக்டரிக்கு போய் பிரயோசனமில்ல, அதனாலதான் நிறுவைக்கு நேரம் வெச்சிருக்காங்க. இங்கயும் அப்படி நேரத்தோட எழுதணும். டெக்னீசியம் காலையில 6 மணிக்கு 100 இருந்தா பகல் 12க்கு 50, அந்தி 6க்கு 25, மறுநா காலையில 6 கூட சொச்சம்தான். லுட்டீசியம்-177 வந்து சேர 5 நாள் ஆகும்னா கையில கெடைக்கிறது 59 வீதம், அப்ப 100 வேணும்னா கிட்டத்தட்ட 170 ஓடர் பண்ணணும், காசும் 170க்குத்தான். வேல முடிஞ்ச கழிவ பத்து அரைவாழ்வு வெச்சா ஆயிரத்துல ஒரு பங்கா கொறையும், லுட்டீசியத்துக்கு 67 நாள், அது வரைக்கும் ஈயத்தால மறைச்ச பூட்டின அறை எங்க இருக்கு, யாரு சாவி வெச்சிருப்பாங்கன்னு எழுதுங்க. எங்க மொத ப்ரொபோசல்ல கழிவுன்னு ஒரு வரி கூட இருக்கல. அதுக்கு வந்த பதில்லயும் மொத குறை அதுதான்.

அதோட ரூபாய். 2021 கடைசியில டொலர் 200 ரூபான்னு கணக்குப் போட்டு ரெசினுக்கும் ஸ்டான்டர்ட் கரைசலுக்கும் எழுதினோம், 2022 மே மாசம் ஆகுறப்ப டொலர் 360க்கு போயிருந்திச்சு. அதே காசுல பாதிய விட கொஞ்சம்தான் கூட வாங்கலாம். அதனால இறக்குமதி சாமான் ஒவ்வொண்ணுக்கும் டொலர் வெலையும் போட்டு, எந்தத் திகதி கொட்டேஷன்னும் எழுதி, வெல கூடினா எந்த எக்ஸ்பெரிமென்ட்ட மொதல்ல கொறைப்போம்னு ஒரு பந்தி வைங்க. மறைக்க ஒண்ணுமில்ல, காசு குடுக்குறவங்களும் இதே நாட்டுலதான் இருக்காங்க.

எழுதுறப்ப சுத்தம்ங்கிற சொல்ல தனியா விடாதீங்க, எண்ணோட எழுதுங்க. டெக்னீசியத்துல மொலிப்டினம் கசியுறதுக்கு அமெரிக்க மருந்து நியமத்துல வரம்பு இருக்கு, 1 மெகாபெக்கரலுக்கு 0.15 கிலோபெக்கரல் (பெக்கரல்ங்கிறது கதிரியக்கத்த அளக்குற அலகு). ஈயக் குடுவைக்குள்ள வெச்சு அளப்பாங்க, டெக்னீசியத்தோட மெல்லிசான காமா ஈயத்துல நின்னுடும், மொலிப்டினத்தோடது துளைச்சு வெளிய வரும். உங்க பொருளுக்கும் இப்படி ஒரு வரம்பு என்ன, அத எந்த மெஷின்ல அளப்பீங்க, அந்த மெஷின் எத்தன நாள் ரிப்பேர்ல கெடக்கும், அப்ப எங்க கொண்டு போவீங்க, இது நாலும் இருந்தா செயல்முறைப் பகுதி முடிஞ்ச மாதிரி. ரெண்டாவது தடவ நாங்க செஞ்சது அதான், கொழும்புல உள்ள ஒரு லெப்புல எங்க சாம்பிள அளந்து தரேன்னு ஒரு கடிதம் வாங்கி பின்னாடி ஒட்டினோம். ஒரு பக்கக் கடிதம்தான், அதுக்கு மூணு தடவ கொழும்புக்கு போய் வந்தேன், போன ஒவ்வொரு தடவைக்கும் பலன் இருந்திச்சு.

இங்லிஷ்லதான் எழுதணும். நம்ம இங்லிஷ் சரியில்லன்னு பயந்து பெரிய பெரிய சொல்ல தேடிப் போடாதீங்க, மொதல்ல தமிழ்ல அம்மாவுக்கு சொல்ற மாதிரி ஒரு பக்கம் எழுதிப் பாருங்க, என்ன செய்யப்போறேன், எதுக்கு, எவ்வளவு நாள், எவ்வளவு காசுன்னு. அதுல தடுமாறுற எடம்தான் உங்களுக்கே வெளங்காத எடம். நான் பெரியம்மாகிட்ட வாசிச்சு காட்டினேன், "அப்ப அந்த மருந்து இங்கயே கெடைக்குமா"ன்னு கேட்டுச்சு, இல்ல பெரியம்மா, பிரிக்கிறத மட்டும்தான் படிக்கிறோம்னு சொன்னேன், அந்த பதில அப்படியே நோக்கம்ங்கிற பகுதியில இங்லிஷ்ல எழுதினேன்.

அனுப்புறதுக்கு முந்தி, பீடாதிபதி கையெழுத்துக்கு குறைஞ்சது பத்து நாள் விடுங்க, லீவு, கூட்டம்னு இழுக்கும். முடிவுத் திகதிக்கு ரெண்டு நாள் முந்தியே ஒன்லைன்ல ஏத்துங்க, மழைக் காலத்துல நம்ம பக்கம் கரன்ட் போனா சிக்னலும் சேந்து போயிடும். ஏத்துன பொறகு வர்ற நம்பர எழுதி வைங்க. கெடைக்கலன்னா ரிவியூவர் கருத்த கேட்டு வாங்குங்க, ஒவ்வொரு கருத்துக்கும் கீழ நீங்க என்ன மாத்துனீங்கன்னு எழுதி, அடுத்த வருஷ அழைப்புக்கு அதையே மொத பக்கமா வெச்சு திருப்பி போடுங்க.